யாரு நெனைக்கறாங்க?

ஆடி பிறந்தால் கோயமுத்தூரில் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். ஜவுளிக்கடைக்காரர் தள்ளுபடி கொடுப்பார். என் மூக்கு தள்ளுபடியே இல்லாமல் வசூல் பண்ணும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று, பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாடிகளைச் சுழற்றி ஊருக்கு மின்சாரம் கொடுக்கப் போகிறது. போகிற வழியில் என் வீட்டு ஜன்னலையும் எட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான். பதினேழு தும்மல். ஒன்றுகூடக் குறையாது.

சின்ன வயசில், அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டுத் திண்ணையில் இதற்கு ஒரு சட்டம் இருந்தது. வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் போகிற காரியம் ஆகாது. இரட்டைத் தும்மல் என்றால் போகலாம்.

"பதினேழு தும்முனா என்ன கணக்குங்க அமுச்சி?"

"பதினேழு ஒத்தப்படை கண்ணு. குந்து. தண்ணி குடிச்சுப்போட்டுப் போ."

இப்படிக் குந்திக் குந்தியே நான் பாதிப் பள்ளிக்கூடத்தைத் தவறவிட்டேன். உட்கார்ந்த நேரத்தில் யோசித்ததில் ஒன்று புரிந்தது. ராஜா ராணி, சண்டை சமாதானம் என்று வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வரலாற்றை மூக்கு வழியாகப் படித்தால்தான் முழுதாகப் படிக்க முடியும்.

முதல் ஆவணம் திருக்குறள். புரை ஏறினாலும் விக்கல் எடுத்தாலும் 'யாரோ நெனைக்கறாங்க' என்கிறோமே, வள்ளுவர் காலத்தில் அது தும்மலின் இலாகா. புலவி நுணுக்கம் என்ற 132ஆம் அதிகாரத்தில் மூன்று குறள் தும்மலுக்கே போகிறது. மூன்றையும் ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரிப் படித்துப் பாருங்கள். முதல் நோயாளி, பேசாமல் உட்கார்ந்திருக்கும் மனைவி 'நீடு வாழ்க' என்றாவது வாயைத் திறக்கட்டும் என்று வேண்டுமென்றே தும்மினவன். தமிழின் முதல் பொய்த்தும்மல்காரன். இரண்டாமவனுக்கு நிஜத் தும்மல். மனைவி பழக்க தோஷத்தில் வாழ்த்திவிட்டு, 'யார் உங்களை நினைத்ததால் தும்மினீர்கள்?' என்று அழுதாள். மூன்றாமவன் உஷார் பேர்வழி. வந்த தும்மலை அடக்கிக்கொண்டான். 'உங்கள் ஆள் உங்களை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்களா?' என்று அவளும் அழுதாள்.

தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம். நடந்தது ஒன்றுமே இல்லை. நடக்கிற ரகளை மட்டும் ஏராளம். ஒவ்வாமைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை. மூக்குக்குள் வருவது பூந்தாது. பூவிலிருந்து பூவுக்குப் போக வேண்டிய ஆசாமி, விலாசம் தப்பி நம் மூக்குக்குள் வந்துவிட்டான். நமக்கு அவன் எந்தக் கெடுதலும் செய்யப் போவதில்லை. ஆனால் உடம்பின் காவல் படை அவனை எதிரி என்று முடிவு கட்டி, அவனுக்கென்றே ஒரு எதிர்ப்புரதத்தைத் தயார் பண்ணி வைக்கிறது. அடுத்த முறை அவன் தலை தெரிந்ததும் ஹிஸ்டமினைத் திறந்து விடுகிறது. தும்மல், நீர், நமைச்சல், கண் சிவப்பு. வள்ளுவர் வீட்டு மனைவியும் என் காவல் படையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

இனி 1819க்கு வருவோம். அந்த வருஷம் ஜனவரியில் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் துரை சிறுமுகையிலிருந்து நீலகிரி மலை ஏறினார். மேலே போய்க் குளிர்ந்த காற்றை இழுத்துவிட்டவருக்கு மறுபடி இறங்க மனசில்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களா, அப்புறம் ஊட்டியில் ஒரு கல் வீடு, காய்கறித் தோட்டம், ஏரி என்று குடியேறியே விட்டார். கீழே கோயமுத்தூர் ஜில்லா வரி கட்டிக்கொண்டிருந்தது. மேலே கலெக்டர் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அதே வருஷம் மார்ச் மாதம் லண்டனில் ஜான் பாஸ்டாக் என்ற டாக்டர், மருத்துவர் சபை ஒன்றில் எழுந்து நின்று ஒரு நோயாளியின் கதையைப் படித்தார். வருஷா வருஷம் ஜூன் மாதம் பிறந்தால் அந்த ஆளுக்குக் கண் எரியும், மூக்கு ஒழுகும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும், மூச்சு முட்டும். நோயாளியின் பெயர் ஜே.பி. என்றார். ஜான் பாஸ்டாக்கின் முதலெழுத்தும் அதுதான் என்பதைச் சபையில் எத்தனை பேர் கவனித்தார்களோ! 'என் சிநேகிதன் ஒருத்தனுக்கு டாக்டர்' என்று ஆரம்பிக்கும் வழக்கத்தை ஒரு டாக்டரே கடைப்பிடித்த அபூர்வத் தருணம் அது.

சிநேகிதருக்கு அவர் பார்த்த வைத்தியத்தைக் கேட்டால் நமக்குத் தும்மல் நின்றுவிடும். ரத்தம் எடுத்தார். அபின் கொடுத்தார். பாதரசம் கொடுத்தார். பச்சைத் தண்ணீரில் முக்கினார். எதற்கும் மசியாததால், கடைசியில் கடலோரப் பாறை மேல் ஒரு வீடு பிடித்துக் கோடையில் உள்ளேயே அடைந்து கிடந்தார். அது கொஞ்சம் கேட்டது. சல்லிவன் மலைக்கு ஓடினார், பாஸ்டாக் கடலுக்கு ஓடினார். இரண்டு ஜான்களும் கண்டுபிடித்த மருந்து ஒன்றுதான்: ஊரைவிட்டு ஓடு.

பாஸ்டாக் ஒன்பது வருஷம் தேடி 28 நோயாளிகளைச் சேர்த்தார். ஏழைகளில் ஒருத்தருக்குக்கூட இந்த நோய் இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். ஜனங்கள் அதற்குள் இதற்கு 'ஹே ஃபீவர்', அதாவது வைக்கோல் காய்ச்சல் என்று பேர் வைத்துவிட்டார்கள். அறுத்துக் காயப் போட்ட புல்லின் வாசம்தான் காரணம் என்று ஒரு நினைப்பு. இதில் வைக்கோலும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வைக்கோற்போரும் சோளத்தட்டுப் போரும் வீட்டை விட உயரமாக நிற்கும். அதன்மேல் ஏறி மிதிக்கிறவர் யாரும் இப்படித் தும்மி நான் பார்த்ததில்லை.

பேர் தப்பு என்று நிரூபித்தவர் மான்செஸ்டர்காரர். தென்னாட்டு மான்செஸ்டரான எங்கள் ஊர் இல்லை, அசல் மான்செஸ்டர். அங்கே டாக்டராக இருந்த சார்லஸ் பிளாக்லிக்கும் இதே தொல்லை. எது தும்ம வைக்கிறது என்று கண்டுபிடிக்க, அகப்பட்டதையெல்லாம் எடுத்து மோந்து பார்த்தார். புல்பூவின் தாதை மோந்ததும் மாட்டிக்கொண்டது. அதோடு விட்டாரா? கண்ணாடிச் சில்லில் பசை தடவி, அதைப் பட்டத்தில் கட்டி வானத்தில் விட்டார். ஆயிரம் அடிக்கு மேலே ஏறிய பட்டமும் பூந்தாதோடுதான் இறங்கியது. டாக்டர் பெரிய மனுஷர் பட்டப்பகலில் பட்டம் விட்டுக்கொண்டிருந்ததை அக்கம்பக்கத்தார் என்னவென்று நினைத்தார்களோ, தெரியாது. 1873இல் அதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். காற்றில் பறக்கிற தாதுதான் குற்றவாளி என்று தீர்ப்பானது. காற்றில் பட்டம் விட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்ட அந்த விஷயத்தை, ஆடி மாசம் எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்தே அவர் தெரிந்துகொண்டிருக்கலாம்.

பிளாக்லிக்கும் ஒரு புதிர் உறுத்தியது. தாதுக்குள்ளேயே புரளுகிற விவசாயிக்கு இந்த நோய் வருவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு வருகிறது. பணக்காரர்கள் இதைக் கேட்டுப் புளகாங்கிதம் அடைந்தார்கள். தும்மல் என்பது படிப்புக்கும் பரம்பரைக்கும் சாட்சிப் பத்திரம் ஆகிவிட்டது. 1874இல் அமெரிக்காவில் இந்த நோயாளிகள் சங்கமே வைத்தார்கள். கோடையில் குடும்பத்தோடு மலைவாசஸ்தலத்து ஓட்டல்களில் கூடி, யார் அதிகம் தும்மினார்கள் என்று பெருமை பேசிக்கொண்டார்கள். இங்கே மதராஸ் சர்க்காரே கோடைக்கு மூட்டை கட்டி ஊட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே சங்கம்தான், பெயர்ப்பலகை மட்டும் வேறே.

ஓடினவர்கள் சும்மா ஓடியிருந்தால் பாதகமில்லை. போன இடத்தில் எல்லாம் ஏதாவது ஒரு செடியைக் கொண்டுவந்து நட்டார்கள். 1843இல் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் நீலகிரிக்கு வந்தது. கொண்டுவந்தவர் பேர் கேப்டன் காட்டன். பேரைப் பார்த்தால் கோயமுத்தூரோடு நின்று பஞ்சு வியாபாரம் பண்ணியிருக்க வேண்டியவர். தவறிப்போய் மலை ஏறிவிட்டார். விறகுக்காக நட்ட மரம் மலையையே மூடியது. இலையைக் காய்ச்சித் தைலம் இறக்கினார்கள். இன்றைக்கு வடநாட்டில் போய் 'நீல்கிரி' என்றால் மலையைக் காட்ட மாட்டார்கள், மரத்தைக் காட்டுவார்கள். மலையின் பேரையே பிடுங்கிக்கொண்ட வந்தேறி அது.

நீலகிரித் தைலம் இல்லாத கொங்கு வீடு உண்டா? ஊட்டி பஸ்ஸிலிருந்து இறங்குகிற யாரும் ஒரு பாட்டிலும் கொஞ்சம் வர்க்கியும் இல்லாமல் இறங்கினதில்லை. கைக்குட்டையில் நாலு சொட்டு விட்டு இழுத்தால் அடைத்த மூக்கு திறந்த மாதிரி இருக்கும். அந்த 'மாதிரி'யைக் கவனியுங்கள். தைலங்களில் இருக்கும் மென்தால் போன்ற சரக்கு மூக்குக்குள் இருக்கும் குளிர்ச்சி நரம்பைத் தொட்டு, காற்று நிறையப் போவதாக மூளைக்குத் தந்தி அடிக்கிறது. அளந்து பார்த்தால் அடைப்பு அடைப்பாகவேதான் இருக்கிறது. தேர்தல் வாக்குறுதி மாதிரி. ஆனாலும் கேட்கும்போது சுகமாகத்தான் இருக்கிறது.

செடி நட்ட துரைமார் வரிசையில் அடுத்து வந்தவர் கர்னல் பெட்டோம். மதராஸ் ராஜதானியின் வன அதிகாரி. செடி, கொடி, நத்தை, தவளை எல்லாவற்றுக்கும் அறிவியல் பேர் வைத்த படிப்பாளி. வறண்ட நாட்டில் விறகுக்கு வழி பண்ணுவோம் என்று நல்ல மனசோடு வெளிநாட்டு விதை கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். விதை வந்தது. 1877இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். அதுதான் சீமைக்கருவேலம். தண்ணி ஊற்ற வேண்டாம், உரம் போட வேண்டாம், ஆடு காயைத் தின்றுவிட்டு நடந்தால் போதும், அது போகிற வழியெல்லாம் முளைக்கும். வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். சர்க்கார் திட்டங்களில் எதிர்பார்த்ததற்கு மேலே வெற்றி பெற்ற ஒரே திட்டம் அதுவாகத்தான் இருக்கும். விறகு கிடைத்தது உண்மை. கூடவே அதன் பூவிலிருந்து பறக்கும் தாது, இந்தியாவில் மூக்கு டாக்டர்கள் போடுகிற குற்றவாளிப் பட்டியலில் நிரந்தர இடமும் பிடித்தது.

செடிகள் போதாதென்று ஆலைத் தூசியும் வந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் துரை கோயமுத்தூரில் முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிற்பாடு ஊரைச் சுற்றி ஆலைச் சங்கு ஊதாத திசையே இல்லை. பஞ்சுத் தூசி பூந்தாது ரகம் இல்லை. அதன் கதை வேறு, சிரிக்க முடியாத கதையும்கூட. ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கட்கிழமை பஞ்சு பிரிக்கும் புளோ ரூமுக்குள் போகிறவருக்கு நெஞ்சு இறுகும். என் மாமா ஒருத்தர் மில்லில் இருந்தார். ஷிப்ட் முடிந்ததும் ஒரு வாழைப்பழமும் ஒரு கட்டி வெல்லமும் சாப்பிட்டால் பஞ்சு இறங்கிவிடும் என்பார். இறங்கியதோ இல்லையோ, அவர் வேலை பார்த்த காலத்தில் அவருக்குக் கிடைத்த பாதுகாப்புக் கவசம் அந்த வாழைப்பழம்தான். பாஸ்டாக் மாதிரி கடற்கரையில் வீடு பிடிக்க மில் கூலி போதாது.

பூந்தாதை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது அதற்குச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்த ஊரும் கோயமுத்தூர்தான். கரும்பு எல்லா ஊரிலும் பூத்துவிடாது. எங்கள் ஊரில் நன்றாகப் பூக்கும். 1912இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நிலையத்து விஞ்ஞானிகள் பார்பர் துரையும் வெங்கட்ராமனும் உட்கார்ந்து, நாட்டுக் கரும்புக்கும் நாணல் வகையைச் சேர்ந்த காட்டுப் பேய்க்கரும்புக்கும் கல்யாணம் பண்ணி வைத்தார்கள். ஜாதகம் பொருந்தியது. 1918இல் கோ 205 பிறந்தது, வடநாட்டுக் கரும்புக் காடெல்லாம் கோயமுத்தூர்ப் பேரில் இனித்தது. 1930களில் அதே நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள் கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும்கூடச் சேர்த்துப் பார்த்தார். பூவுக்குப் பூ தாது சுமந்து நடத்திய அந்தக் கல்யாணங்களில் எத்தனை தும்மல் விழுந்ததோ, குறிப்பு இல்லை. ஒற்றைத் தும்மலுக்கு அமுச்சி சட்டப்படி அவர்கள் குந்தியிருந்தால் இந்தியாவுக்குச் சர்க்கரை ஏது?

மருந்து தேடின கதைக்குத் திரும்புவோம். லண்டனில் 1911இல் லியோனார்டு நூன் என்ற டாக்டர் இன்னொரு கோணத்தில் யோசித்தார். புல்லின் தாதையே கரைத்து, சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி, உடம்பை எதிரியோடு பழக வைத்தார். முள்ளை முள்ளால் எடுக்கிற வித்தை. அந்த ஊசி வழி இன்றும் நடப்பில் இருக்கிறது. வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும். பின்னால் ஹிஸ்டமினை மறிக்கும் மாத்திரைகள் வந்தன. அந்த ஆராய்ச்சிக்குப் பாதை போட்ட டேனியல் போவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆரம்ப கால மாத்திரை போட்டால் தும்மல் நின்றுவிடும். தும்முகிறவனும் நின்றுவிடுவான். எங்கள் வீட்டில் 'அவில்' என்றால் இரவு விளக்கணைக்கிற சுவிட்ச். நான் பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் முழுக்க அவில் போட்டுக்கொண்டு படித்தவன். இந்தக் கட்டுரையின் லட்சணத்தில் அது தெரியும்.

வந்தேறிச் செடிகளில் கடைசியாக வந்தது பார்த்தீனியம். 1950களில் புணே பக்கம் கண்ணில் பட்டது. அமெரிக்கா கொடுத்த கோதுமையோடு ஓசியில் வந்தது என்பது ஊரெல்லாம் சொல்கிற கதை. ஒரு செடி பத்தாயிரம் விதைக்கு மேலே போடும். தாதுக்குத் தும்மல், தொட்டால் தோலில் அரிப்பு. இதை ஒழிக்க மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து 1984இல் பெங்களூருவில் விட்டார்கள். வண்டு நன்றாகத்தான் தின்றது. மழைக்காலத்தில் மட்டும் தின்றது. வெயில் வந்ததும் மண்ணுக்குள் போய் நீண்ட விடுப்பில் படுத்துக்கொண்டது. சர்க்கார் ஊழியராக அதை நிரந்தரம் பண்ணியிருக்கலாம். இப்போது கோயமுத்தூரைச் சுற்றி எந்த சைட்டை வாங்கினாலும் வேலிக்கல்லுக்கு முன்னால் பார்த்தீனியம் குடிவந்து நிற்கும், பத்திரமும் பட்டாவும் இல்லாமலே.

சரி, விமோசனம் என்ன என்கிறீர்களா? இருநூறு வருஷ அனுபவத்தில் மிஞ்சினது கொஞ்சம்தான், ருசியில்லாததும்கூட. வெளியே போய் வந்தால் முகம் கழுவிக் குளி. காற்றுக் காலத்தில் துணியை மொட்டை மாடியில் காயப் போடாதே. காய்ச்சி ஆறின தண்ணீரில் உப்புக் கரைத்து மூக்கை அலசு. வண்டியில் போகும்போது முகக்கவசம் போடு. டாக்டர் எழுதிக்கொடுக்கிற மூக்கு ஸ்பிரேயை இரண்டு நாள் அடித்துப் பார்த்துத் தூக்கி எறியாதே. அது கேட்க நாளாகும். அடைப்பை உடனே திறக்கிற சொட்டு மருந்து வீட்டுக்கு வந்த ஒறம்பரை மாதிரி, மூன்று நாள் இருந்தால் மரியாதை. அதற்கு மேல் வைத்துக்கொண்டால் வீட்டையே அடைத்துக்கொள்ளும். நொச்சித்தழை போட்டு ஆவி பிடிப்பதும் கற்பூரவல்லி ரசமும் இதமாக இருக்கும்; இதத்துக்கு வரி இல்லை, பிடித்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

பிளாக்லியின் புதிருக்கு விடை மாதிரி ஒன்றும் கிடைத்திருக்கிறது. 1989இல் டேவிட் ஸ்டிராச்சன் என்ற ஆராய்ச்சியாளர், அண்ணன் அக்கா நிறைய இருக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஹே ஃபீவர் குறைவு என்று பிரிட்டனில் கணக்கெடுத்துச் சொன்னார். ஐரோப்பாவில் மாட்டுக்கொட்டகையோடு வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்தவர்களும் அதே திசையில்தான் கைகாட்டினார்கள். சின்ன வயசில் மண்ணும் சாணியும் பார்த்த உடம்பு, பின்னால் கண்டதற்கெல்லாம் ரகளை பண்ணுவதில்லை போலிருக்கிறது. எங்கள் அமுச்சி எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. விடிந்ததும் கட்டுத்தரையில் சாணி அள்ளுவதுதான் முதல் வேலை. எண்பது வயது வரை அவர் தும்மி நான் கேட்டதில்லை, மிளகாய் வறுக்கிற நாள் தவிர. நானோ வீட்டுக்கு ஒரே பையன். 'மண்ணுல எறங்காத சாமி, சட்டை அழுக்காயிரும்' என்று டவுனில் வளர்க்கப்பட்டவன். பாஸ்டாக் காலத்துச் சீமான்களின் தும்மலை மூன்று தலைமுறை உழைத்து நாங்களும் சம்பாதித்துவிட்டோம்.

போன வாரம் காற்று ஒரே ஆட்டம். வாசல் கதவைத் திறந்தேன், ஆரம்பித்தது. உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு எண்ணினாள். பதினேழு முடிந்ததும் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இத்தனை தும்மறீங்க. யாரு நெனைக்கறாங்க?"

வள்ளுவர் வீட்டுக் கணவன் பதில் சொல்லத் தெரியாமல் விழித்த கேள்வி. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு எதிர் சைட்டைப் பார்த்தேன். முன்னால் வெள்ளை வெள்ளையாகப் பார்த்தீனியம். பின்னால் வேலியோரம் மஞ்சள் பூத்துத் தொங்கும் சீமைக்கருவேலம்.

"கர்னல் பெட்டோம் நெனைக்கறாருன்னுதான் தோணுது. கோதுமை குடுத்த அமெரிக்காக்காரனாவும் இருக்கலாம். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுத்தான் சொல்லோணும்."

அவள் அழவில்லை. உப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.